மேற்கே திராட்சை, கிழக்கே கடல்: வீரசோழனிலிருந்து ஒரு தை மாதக் குடும்பப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த லீவுக்காவது எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவீங்களா?" என்பதுதான். வெளிநாட்டில் இருந்து அண்ணன் வந்திருப்பார், சென்னையில் இருந்து தங்கை குடும்பம் வந்திருக்கும். "ஒரு வண்டியப் புடிங்க, நாலு இடத்தப் பாத்துட்டு வந்துருவோம்" என்று பேச்சு ஆரம்பிக்கும். பல வீடுகளில் திட்டமிடல் அந்த ஒரு வரியோடு முடிந்தும் விடுகிறது. மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு வேனில் ஏறி, விடிய விடிய ஓட்டி, கூட்டத்தில் நசுங்கி, தூங்காத டிரைவரோடு திரும்பி வருகிறோம்.

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டாரத்தில் இருக்கும் வீரசோழனை வரைபடத்தில் பார்த்தால் ஒரு சௌகரியம் தெரியும். மேற்கே சுமார் 180 கிலோமீட்டரில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள். கிழக்கே சுமார் 125 கிலோமீட்டரில் ராமேசுவரம். மலைக்கும் கடலுக்கும் நடுவில் நம்ம ஊர். வெளிநாடுகளில் குளிர்கால விடுமுறைக்குக் கடற்கரைச் சாலையையும் ஒயின் திராட்சை விளையும் ஊர்களையும் சேர்த்துக் குடும்பமாகக் காரில் சுற்றுவது பழைய வழக்கம். வானம் பார்த்த பூமியில் இருக்கும் நமக்கும் அதே மாதிரி ஒரு சுற்று மூன்று நாளில் சாத்தியம். எப்போது கிளம்புவது, எந்தப் பக்கம் முதலில் போவது, எந்த வண்டியில் போவது என்ற மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் இருந்தால் போதும்.

மார்கழியா, பொங்கலா, அதற்குப் பிறகா?

இந்தப் பனிக்காலத்தில் நமக்கு மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. டிசம்பர் 24-க்குப் பிறகு வரும் அரையாண்டு விடுமுறை, ஜனவரி 15 முதல் 18 வரையிலான பொங்கல் விடுமுறை, ஜனவரி 24, 25, 26 என்று சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்து வரும் குடியரசு தின விடுமுறை.

முதல் வாய்ப்பில் மழை ஆபத்து இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் கணக்கு அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை. "கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்று சொல்லி ஏமாந்தவர்கள் நிறைய. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்து, தென்மாவட்டச் சாலைகளும் ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் இலங்கையை உருக்குலைத்ததைப் பார்த்தோம். தனுஷ்கோடி என்ற ஊரையே அழித்த புயல் வந்ததும் 1964 டிசம்பர் 22, 23-இல்தான். டிசம்பர் கடைசி வாரம் பெரும்பாலும் அமைதியாகவே கழியும். ஆனாலும் ஒரு மாதம் முன்பே முன்பணம் கட்டி நம்பும் அளவுக்கு அது உறுதியான வாரமில்லை.

மேற்குப் பக்கம் வேறொரு சிக்கல், சபரிமலை சீசன். டிசம்பர் 27 மண்டல பூஜை வரையும், பிறகு ஜனவரி 14 மகரவிளக்கு வரையும் தேனி, கம்பம், குமுளி சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள்தான். நெரிசல் கூடும்போது மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்தைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்து வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். கம்பத்தில் அறை கிடைப்பதே கஷ்டம். சபரிமலை முடித்தவர்களில் கணிசமானோர் அடுத்து ராமேசுவரத்துக்குத்தான் போகிறார்கள். ஆக, இரண்டு முனையிலும் அதே கூட்டம்.

இரண்டாவது வாய்ப்பான பொங்கலில் கவனிக்க வேண்டியது ஜனவரி 18, ஞாயிறு. அன்று தை அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க லட்சக்கணக்கானோர் கூடும் நாள். தர்ப்பணம் கொடுப்பதற்காகப் போகிறவர்களுக்கு அது தேவையான கூட்டம். பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போகிறவர்களுக்கு பாம்பன் பாலத்திலேயே பாதி நாள் போய்விடும்.

மூன்றாவது வாய்ப்பு, ஜனவரி 24 முதல் 26 வரை. பருவமழை பெரும்பாலும் விடைபெற்றிருக்கும். ஜனவரி 20 வாக்கில் சபரிமலை நடை சாத்தப்பட்டிருக்கும். திராட்சைக்கும் அதுதான் நல்ல நேரம் (காரணம் கீழே). பிப்ரவரி மூன்றாவது வாரம் ரமலான் நோன்பு தொடங்கும் என்பதால், நோன்பு வைக்கும் வீடுகளுக்கும் அதற்கு முன்னால் கிடைக்கும் நல்ல இடைவெளி இது.

குறை இல்லாமல் இல்லை. மானாவாரி நெல் அறுப்பு தையில் வரும். அறுப்பு மெஷின் என்றைக்கு வரும் என்று தெரியாமல் வண்டியை முன்பதிவு செய்தால், வீட்டில் ஒருத்தர் களத்தில் நிற்க வேண்டியிருக்கும். முதலில் அறுப்புத் தேதியைப் பேசி முடிச்சிட்டு, அப்புறம் பயணத் தேதியைப் பேசுங்க.

ஏன் மலைக்கு முதலில், கடலுக்குப் பிறகு?

நமக்குச் சாதகமான விஷயமே இதுதான். கம்பத்தில் இருந்து ராமேசுவரம் போக எப்படியும் மதுரை அல்லது திருமங்கலத்தைத் தாண்டி மானாமதுரை, பரமக்குடி பக்கம் வந்தாக வேண்டும். சற்றே விலகினால் நம்ம வீடு. நேராகப் போனாலும், வீட்டுக்கு வந்து ராத்திரி தூங்கி விடியற்காலையில் கிளம்பினாலும் மொத்த தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் நடுவில் ஒரு ராத்திரி சொந்த வீட்டில். அறை வாடகை மிச்சம். ஈரத்துணியை மாற்றலாம். "எனக்கு முட்டி வலிக்குதுய்யா, நான் வரல" என்று சொல்லும் அப்பத்தாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவை அந்த ராத்திரி வரைக்கும் தள்ளிப்போடலாம். வங்கக் கடலில் ஏதாவது உருவாகியிருந்தால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் தெரிந்துவிடும். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாகப் போகலாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பேசாமல் வீட்டில் இருக்கலாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முன்பணம் எதுவும் கட்டாததால் பயணத்தை ரத்து செய்வதில் நட்டம் இல்லை.

கடலை முதலில் வைத்து, அங்கே மழையில் மாட்டிக்கொண்டால் மொத்தப் பயணமும் போச்சு. அதனால்தான் இந்த வரிசை.

திராட்சைப் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது?

தேனியைத் தாண்டி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகும் சாலையின் இரண்டு பக்கமும் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள். அதிகம் விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் சர்வதேசப் பெயர். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-இல் தமிழகத்துக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகத்தில் விளையும் திராட்சையில் 85 சதவீதம் இந்த ரகம்தான் என்று அப்போது சொல்லப்பட்டது. ஓடைப்பட்டி பக்கம் விதையில்லா திராட்சை பிரபலம். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் திராட்சைக் கொடி இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கும். இங்கே கொடி தூங்குவதே இல்லை. விவசாயி எப்போது கவாத்து செய்கிறாரோ, அதில் இருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறைகூட எடுக்கிறார்கள். அதனால்தான் பிற மாநிலங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் கிடைக்கும் பழம், கம்பத்தில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. ஒரு தோட்டத்தில் பூ, பக்கத்துத் தோட்டத்தில் பழம் என்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் எல்லாப் பருவத்தையும் காட்டிவிடலாம்.

ஆனால் மழைக்காலப் பழம் வேறு, வெயில்காலப் பழம் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிச்சாம்பல் நோய் தாக்கும், பழம் வெடிக்கும், இனிப்பும் ஏறாது. மழை ஓய்ந்து வெயில் காய்ந்த பிறகு, தை கடைசியில் வரும் பழம்தான் ருசி. குடியரசு தின விடுமுறையைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்துக்குள் போகும் முன் சில விஷயங்கள். இது சுற்றுலாவுக்கென்று கட்டிவைத்த இடம் கிடையாது, ஒருத்தரின் பிழைப்பு. சாலையோரம் விற்பனைக்கு வைத்திருக்கும் தோட்டங்களில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கொத்தைக் கையால் தொட்டாலே மேலே இருக்கும் வெள்ளைப் படலம் போய் விலை குறையும். கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்காமல் பிள்ளைகளைப் பறித்துத் தின்ன விடாதீர்கள். வாங்கிய பழத்தை நன்றாகக் கழுவுங்கள். பெரிய கடையில் விலையைப் பார்க்காமல் வாங்கும் நாம், தோட்டத்தில் மட்டும் கிலோவுக்குப் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. மழையில் பாதிப் பழத்தை இழந்து மீதியை விற்கும் கஷ்டம், மிளகாய்க்கும் பருத்திக்கும் விலை கிடைக்காமல் நின்ற நமக்குத் தெரியாதா?

அப்போ ஒயின்?

நாசிக்கில் இருப்பது போல ஒயின் ஆலையைச் சுற்றிப் பார்த்து, ருசி பார்த்து, அங்கேயே தங்கும் ஏற்பாட்டைக் கம்பத்தில் எதிர்பார்க்க வேண்டாம். பன்னீர் திராட்சை பழச்சாறு, ஜாம், ஒயின் எல்லாவற்றுக்கும் ஏற்றதுதான். ஒயின் ஆலை வர வேண்டும் என்பது இந்தப் பகுதி விவசாயிகளின் பழைய கோரிக்கையும்கூட. விலை விழும் நாட்களில் பழத்தை ஆலைக்குக் கொடுத்து முதலையாவது எடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். தமிழகத்தில் மது விற்பனை டாஸ்மாக் மூலம் மட்டுமே நடப்பதால், நாசிக் பாணி சுற்றுலா இங்கே எளிதில் முளைக்காது என்பது எதிர்ப்பக்கத்து யதார்த்தம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதனால் குறையொன்றும் இல்லை. டிரைவர் நிதானமாக இருப்பார்.

நம்ம தண்ணி வர்ற வழி

கம்பம் வரை போய்விட்டு லோயர்கேம்ப் போகாமல் திரும்பக் கூடாது. கூடலூரைத் தாண்டி மலையடிவாரத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குத் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் இருக்கிறது. 1895-இல் அணை திறக்கப்பட்டது. அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி இந்தப் பள்ளத்தாக்கில் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடப்படுகிறது. பல வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் தொங்கும்.

இது வெறும் பார்க்கும் இடம் இல்லை என்று சொல்லக் காரணம் உண்டு. இந்தத் தண்ணீர் முல்லையாறாக இறங்கி வைகையில் சேர்ந்து, ஆண்டிபட்டி பக்கம் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்கு வருகிறது. 71 அடி வரை தண்ணீர் தேக்கும் அந்த அணையில் இருந்து மதுரை, விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை என்று இறங்கி ராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிப் போகிறது. நரிக்குடி, வீரசோழன், அபிராமம் வட்டாரம் ஆண்டுதோறும் எதிர்பார்த்துக் கிடக்கும் கிருதுமால் நதித் தண்ணீரும் வைகை அணையைத் திறந்தால்தான் வரும். அணையில் எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோம். அந்த அணையை நேரில் பார்த்த பிள்ளைகள் நம்ம ஊரில் எத்தனை பேர்?

மூன்று நாள் பயணத்தில் மலையில் தண்ணீர் பிறப்பதையும், நடுவில் நம்ம கண்மாயையும், கடைசியில் கடலையும் பார்த்துவிட்டால், "நமக்கு ஏன் தண்ணி வரல?" என்ற கேள்வியைப் பத்து வயசுப் பிள்ளையும் விவரமாகக் கேட்கும். வழியில் இருக்கும் தோட்டங்களையும் வயல்களையும் பார்த்த பிறகு, பதிலும் அத்தனை சுலபமில்லை என்று அதற்கே புரியும்.

கடல் பக்கம் என்ன புதுசு?

வீரசோழனில் இருந்து பார்த்திபனூர் போய் மதுரை - ராமேசுவரம் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. அங்கிருந்து ராமநாதபுரம் வரையிலான 46.7 கிலோமீட்டரை 1,853 கோடி ரூபாயில் நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த வேலை முடியும் வரை இந்தத் துண்டில் முந்திச் செல்வதில் நிதானம் வேண்டும்.

பாம்பனில் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. 2.08 கிலோமீட்டர் நீளம். கப்பல் வரும்போது நடுவில் உள்ள 72.5 மீட்டர் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். 1914-இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில்தான் இதைக் கட்டினார்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பதுதான் விடுமுறை நாள் நெரிசலுக்கும் விபத்துக்கும் காரணம். நிறுத்தாதீங்க. பாலத்தை அனுபவிக்க நல்ல வழி, பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ வண்டியை விட்டுவிட்டு ராமேசுவரம் ரயிலில் ஏறிவிடுவது. ஜன்னல் இருபுறமும் கடல். டிரைவருக்கும் ஓய்வு.

தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று ஒரு சரணாலயத்தைத் தமிழக அரசு 2025 ஜூன் மாதம் அறிவித்தது. பனிக்காலத்தில் வலசை வரும் அந்தப் பறவைகளைப் பார்க்க தை, மாசிதான் காலம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டப் போய் விரட்டிப் படம் எடுக்காதீர்கள். 2017-இல் போடப்பட்ட சாலையில் அரிச்சல்முனை வரை வண்டி போகும். சாயங்காலத்துக்கு மேல் சோதனைச் சாவடியில் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

அரிச்சல்முனையில் குளிக்க இறங்கவே கூடாது. இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும். பாக் நீரிணைப் பக்கத்தை மீனவர்கள் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சாதாரணமாக அமைதியாக இருக்கும் பெண் கடலும் வாடைக் காற்றில் முரடாக மாறும். கண்மாயில் நீச்சல் பழகிய தைரியம் அங்கே உதவாது.

கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஏர்வாடி தர்கா, கீழக்கரை, வாலிநோக்கம் கடற்கரை என்று ஒரு சுற்று. அல்லது தேவிபட்டினம் நவபாஷாணமும் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறை நடத்தும் படகுச் சவாரியும். போகிற வழியில் முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. இரண்டுமே ராம்சர் அங்கீகாரம் பெற்ற நீர்நிலைகள். அந்த ஆண்டு கண்மாய் பெருகியிருந்தால்தான் பறவை இருக்கும் என்பதால், விசாரித்துவிட்டுப் போகவும்.

எந்த வண்டி? இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்

பக்கத்து வீட்டு ஏழு சீட்டு வண்டியை "டீசல் போட்டு, நாளுக்கு இவ்வளவு குடுத்துருங்க" என்று எடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அது வெள்ளை போர்டு வண்டி. மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது குற்றம். அதைவிடப் பெரிய சிக்கல் காப்பீட்டில். சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் உள்ளே இருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது வழக்கில் இழுபடலாம். நல்ல மனசோடு வண்டி கொடுத்தவர் தலையிலும் பாரம் விழலாம். சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றினால் சிக்கல் இன்னும் கூடும். ஆளுக்கு இருநூறு, முந்நூறு கூடப் போனாலும் மஞ்சள் போர்டு வண்டியே பாதுகாப்பு. பெர்மிட், காப்பீடு, தகுதிச் சான்று மூன்றையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி குமுளியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் தனி வரி கட்ட வேண்டும். லோயர்கேம்ப்போடு திரும்பினால் அந்தச் செலவு இல்லை. அங்கிருந்து கொடைக்கானல் பக்கம் திட்டத்தை மாற்றினால் இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2022-ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்குப்படி, சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழகத்துக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அதிக விபத்து நடக்கும் நேரம் மாலை 6 முதல் 9 வரை. "ராத்திரி போனா ட்ராஃபிக் இருக்காது" என்ற நம் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். தை மாதத்தில் நம் பக்கத்துச் சாலைகளுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. ரோட்டில் பாதியை அடைத்துக் காயும் நெல், பின்விளக்கு இல்லாத டிராக்டர், கிடைக்குப் போகும் ஆட்டு மந்தை, விடியற்காலைப் பனிமூட்டம். பிப்ரவரி 1 தைப்பூசம் என்பதால், ஜனவரி கடைசி வாரத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் வரிசையாக நடந்துகொண்டிருப்பார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, இருட்டும் முன் போய்ச் சேருவது என்று மூன்று நாளும் வைத்துக்கொண்டால் இந்த ஆபத்துகளில் பாதி குறையும்.

மூன்று நாள் திட்டம்

சனி (ஜனவரி 24): திருச்சுழி, காரியாபட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டி. வைகை அணையில் காலைப் பலகாரம். மதியம் சின்னமனூர் அல்லது கம்பம். சாயங்காலம் வெயில் தாழ திராட்சைத் தோட்டம். கம்பத்தில் தங்கல்.

ஞாயிறு (25): காலை லோயர்கேம்ப் மணிமண்டபம். தண்ணீர் விழுந்தால் சுருளி அருவி. பழம் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்காவது கிளம்பினால் மாலை வீடு. ராத்திரி வானிலை அறிக்கை பார்த்து மறுநாளை முடிவு செய்யவும்.

திங்கள் (26): கடல். முந்தைய இரண்டு நாளும் ஓட்டியவருக்கு மாற்றாக இன்னொரு டிரைவர், இல்லையென்றால் பரமக்குடியில் இருந்து ரயில். தனுஷ்கோடியில் காலைப் பொழுது. பிற்பகல் இரண்டரைக்குள் ராமேசுவரத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

எவ்வளவு ஆகும்?

மொத்தம் சுமார் 720 கிலோமீட்டர். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் வண்டி என்றால் 55 லிட்டர், ஏறத்தாழ 5,100 ரூபாய். ஆறு பேருக்கு 1,500 ரூபாய் வாடகையில் இரண்டு அறை, ஒரு ராத்திரிக்கு 3,000. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்பதால் பில்லைச் சரிபாருங்கள். சாப்பாடு, சுங்கம், பழம், படகு எல்லாம் சேர்த்து இன்னொரு ஆறேழாயிரம். சொந்த வண்டி என்றால் மொத்தம் 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். வாடகை வண்டி என்றால் வாடகை தனி.

ஃபாஸ்டேக் இல்லாமல் சுங்கச்சாவடிக்குப் போனால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐ மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பர் 15 முதல் மாற்றினார்கள். 200 முறை கடக்கும் ஆண்டு பாஸ் (2025-இல் 3,000 ரூபாய்), சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும். இந்த ஒரு பயணத்துக்காக அதை வாங்கத் தேவையில்லை.

15,000 ரூபாய் சிலருக்குச் சின்னத் தொகையாகத் தெரியலாம். தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு 2025 ஏப்ரல் முதல் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் இது ஒருத்தரின் 45 நாள் உழைப்பு. அதனால்தான் தேதியையும் வரிசையையும் இவ்வளவு யோசிக்கச் சொல்கிறோம். மூன்று நாளும் முடியாத வீடுகள் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வைகை அணை வரை போய் வருவதோ, பரமக்குடியில் ரயிலேறி பாம்பனைக் கடப்பதோ அந்தச் செலவில் சிறு பங்குக்குள் முடியும். அதுவும் பிள்ளைகளுக்குப் பயணம்தான்.

கையில் இருக்க வேண்டியவை

ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முன்பணம் கேட்காமல் சேர்க்க வேண்டும். பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மூன்று நாளைக்கு மேல் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரம் கோயில் பிராகாரத்தில் தீர்த்தமாடியவர்கள் நடந்த ஈரத்தரை வழுக்கும். அப்பத்தாவின் கையை யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வண்டியில் ஏறும் முன் டிரைவரிடம் கேளுங்கள்: "நேத்து ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா தம்பி?" இல்லை என்றால் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம். மலையும் கடலும் அதே இடத்தில்தான் இருக்கும்.